பனி சறுக்கினது

மலையடிவாரத்தில் எமிலியானா அக்கா செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தபோதே துசானி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஞாயிறு காலையில் பெல்லெக்ரினோ மலையேறி, சாந்த ரொசாலியாவின் குகைக்குப் போய்க் கும்பிட்டு வருவது இத்தாலியின் பலேர்மோத் தமிழருக்குப் பழகிப்போன ஒன்று. வேதக்காரர் மெழுகுதிரி கொண்டுபோவார்கள், சைவக்காரர் பூக் கொண்டுபோவார்கள். குகைக்குள் படுத்திருக்கும் அந்தப் புனிதை இரண்டு பேரிடமும் பேதம் பார்த்ததில்லை. யாராவது வெறுங்காலோடு ஏறினால் நேர்த்திக்கடன் என்று அர்த்தம். என்ன நேர்த்தி என்று விடுப்புக் கேட்பது அழகில்லை.

ஆனால் பெப்ரவரி மாதத்துக் கல்லுப் பாதை சில்லிட்டுக் கிடந்தது. இரண்டாம் வளைவு தாண்டுவதற்குள் எமிலியானா அக்காவின் குதிக்கால் வெடித்து இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது.

"அக்கா, போதும். செருப்பைப் போடுங்கோவன்."

"போடமாட்டன். சொன்னாச் சொன்னதுதான். உம்மடை மனிசன் உயிரோடை வந்தாப் பிறகு நான் வாக்கு மாறினா, மேலை இருக்கிறவ என்னைச் சும்மா விடுவாவே?"

துசானி நின்றுவிட்டாள். "ஆர்ரை மனிசன்?"

"உம்மடைதான். தர்சன்." எமிலியானா அக்கா இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கினாள். "ஸ்ரீபன் வந்து சொன்ன உடனை நான் வைச்ச நேர்த்தி இது. பனி வந்து நெஞ்சு வரைக்கும் மூடிப்போட்டுதாம். கை ரெண்டும் வெளியிலை நிண்டபடியால் தப்பினாராம். இவர்தானே சவளாலையும் கையாலையும் கிண்டி இழுத்தெடுத்தவர். ஏன் பிள்ளை இப்பிடி முழிக்கிறீர்? உமக்குத் தெரியும்தானே?"

"ஓம்," என்றாள் துசானி. "தெரியும்."

தன் புருசன் சாகக் கிடந்த கதையை இன்னொருத்தியின் வாயால் கேட்பதைவிட, தெரியும் என்று பொய் சொல்வது அந்த நேரத்தில் அவளுக்குச் சுகமாக இருந்தது. மிச்ச மலை முழுவதையும் அவள் விறுவிறுவென்று ஏறினாள். வெறுங்காலோடு வந்தவள் பின்னால் நின்று, "மெல்லப் போம் பிள்ளை, நேர்த்தி உமக்கோ எனக்கோ?" என்று கத்தியது காதில் விழவேயில்லை.

குகைக்குள் மேலிருந்து நீர் சொட்டியது. துசானி கைகூப்பினாள். வழக்கமாக அவளுக்கு வேண்டுதல்கள் நிறைய இருக்கும். அன்றைக்கு ஒன்றுதான் வந்தது. 'காப்பாத்தித் தந்தீங்கள், கோடி நன்றி. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.'

போன ஞாயிறு தர்சன் நனைந்த கோழி மாதிரி நொண்டிக்கொண்டு வந்ததை நினைத்தாள். துறைமுகத்தில் அவனுக்கு வேலை. நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் போகும் கப்பல்களின் வயிற்றுக்குள் லொறிகளைச் சங்கிலி போட்டுக் கட்டுகிற வேலை. எமிலியானா அக்காவின் புருசன் ஸ்ரீபனும் அதே குழுதான். அவர்களின் மேலாள் நீனோவை எல்லோரும் காப்போ என்பார்கள். அந்தக் காப்போவுக்கு மலைப் பைத்தியம். போன குளிர்காலத்திலிருந்து தர்சனுக்கும் ஸ்ரீபனுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றி, மதோனியே மலைகளில் பனி விழுந்துவிட்டால் அவனோடு புறப்பட்டுவிடுவார்கள். பாதையில்லாத இடங்களில், காலில் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டு நடப்பது. "கண்டறியாத பனியும் மலையும்" என்று துசானி முணுமுணுப்பாள், பிறகு தொப்பியை இழுத்துக் காதை மூடி அனுப்பிவிடுவாள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாகத்தில் வளர்ந்தவளுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்கித் தும்மலையும் தடிமனையும் கொண்டுவருவது. அதற்கு மேல் அதனால் என்ன செய்துவிட முடியும்?

"காலுக்கு என்ன நடந்தது?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள். "பனி சறுக்கிப்போட்டுது," என்றான் அவன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கணுக்காலுக்குப் பூசியபடி, "வயசுக்கேத்த விளையாட்டு விளையாடவேணும்," என்று நக்கலும் அடித்தாள். அவனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தபடியேதான் அவள் மலையிறங்கி வீடுவரை வந்தாள்.

பலேர்மோவின் கால்சாப் பகுதியில் அவர்களின் வீடு, புதுப்பித்த பெரிய மாளிகை ஒன்றின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய கட்டடத்தின் மேல்மாடி. அவள் கதவைத் திறந்தபோது தர்சன் மேசையில் இருந்து எட்டு வயது மகள் கேசிகாவின் கையுறைகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு காப்போ எல்லோர் குடும்பத்தையும் பனி பார்க்கக் கூப்பிட்டிருந்தான். போகலாம் என்று துசானியே தலையாட்டியிருந்தாள்.

"இஞ்சேருங்கோ. போன கிழமை உங்கடை காலுக்கு என்ன நடந்தது?"

"சொன்னனான்தானே. பனி சறுக்கினது."

"திருப்பிச் சொல்லுங்கோ."

"பனி சறுக்கினது," என்றான் தர்சன், குரல் இறங்கி.

இப்போதுதான் அவளுக்குக் கேட்டது. ஒரு 'யிலை' குறைந்தது. பனியிலை சறுக்கினது என்று அவள் காது தானாகவே போட்டு நிரப்பிக்கொண்ட அந்த 'யிலை'யை அவன் சொல்லவேயில்லை.

"பனியிலை நீங்கள் சறுக்கினதோ, பனி உங்களுக்கு மேலை சறுக்கினதோ?"

அவன் கையுறையைக் கீழே வைத்தான். "ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னதெண்டு கேக்கிறீங்கள். இல்லையெண்டு சொல்லுறீங்கள் இல்லை."

"நான் பொய் சொல்லேல்லை, துசா. நடந்ததைத்தான் சொன்னனான். பனி சறுக்கினதெண்டுதான் சொன்னனான். நீதான் விளங்கிக்கொண்டது—"

"நீர் வாயை மூடும்!"

கலியாணம் கட்டின நாளிலிருந்து எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. சட்டி பறந்திருக்கிறது, தலைகாணி இடம் மாறியிருக்கிறது. ஆனால் 'நீங்கள்' ஒருநாளும் 'நீர்' ஆனதில்லை.

"மம்மா மீயா," என்றாள் கேசிகா, இரண்டு கையுறைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு. "அம்மா அப்பாவை நீர் எண்டு சொல்லீட்டா!"

"நீ உள்ளுக்குப் போ!"

பிள்ளை போனது. துசானி குசினிக்குள் நுழைந்து, மத்தியானப் பிட்டுக்கு எடுத்துவைத்த மாத் தகரத்தை மேசையில் டங்கென்று வைத்தாள். "இலக்கண வாத்தியாரே. நெஞ்சுமட்டும் புதைஞ்சு கிடந்தவர் வீட்டை வந்து எழுவாய் பயனிலை பிழைக்காமல் கதைச்சாராம். நான் இருந்து காலுக்கு எண்ணெய் பூசிச் சிரிச்சனாம். பல்லை இளிச்சுக்கொண்டு எப்பிடி ஐயா பாத்துக்கொண்டிருந்தீர்?"

"நீ பயப்பிடுவாயெண்டு—"

"எனக்குப் பயம் வந்தா நான் பயப்பிடுறன். அதை ஒளிச்சுவைக்க நீர் ஆர்? ஊரிலை ஒருத்தி என்ரை தாலிக்காகக் கால் வெடிக்க மலையேறுறாள். நான் பக்கத்திலை விசரி மாதிரிப் பூவைக் கொண்டு நடக்கிறன்!"

சொல்ல ஒன்றும் இல்லாத ஆண்கள் விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள். அவனும் தொடங்கினான். "மேலாலை பாத்தா எல்லாம் ஒரே வெள்ளைதான், துசா. ஆனா உள்ளுக்கை அடுக்கடுக்காய்—"

"வாயாலை வேண்டாம். காட்டும்."

அவன் தயங்கி எழுந்து வந்தான். கேக் சுடுகிற தட்டத்தை எடுத்தான். கொஞ்சம் மாவைத் தண்ணீர் தெளித்து அதில் அழுத்திப் பரப்பினான். "இது முதல் விழுந்த பனி. இறுகிப்போய்க் கிடக்கும்." அதன்மேல் சீனியைத் தூவினான். "இது நல்ல குளிர் நாள்களிலை வாற மணி. ஒண்டோடை ஒண்டு ஒட்டாது." பிறகு மாவை அள்ளிச் சீனியின் மேல் தட்டித் தட்டிப் பலகை மாதிரி ஆக்கினான். "பேந்து காத்தடிக்கும். மற்றப் பக்கத்துப் பனியை அள்ளிக்கொண்டுவந்து, காத்துப் படாத பக்கத்திலை இப்பிடி அடுக்கிப்போடும். பாக்க வடிவாய், அழுத்தமாய் இருக்கும். கால் வைக்கச் சொல்லும்."

துசானி தட்டத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து உயர்த்தத் தொடங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் உயர்த்தினாள். மேல் மா வெடித்தது. ஒரு கோடு விழுந்ததும், மொத்தப் பலகையும் ஒரேயடியாய் வழுகி மேசையைத் தாண்டி அவன் பாதங்களில் கொட்டியது.

"பனி சறுக்க இவ்வளவு சரிவு காணுமோ?"

"எங்கடை மாடிப்படிச் சரிவு வந்தாலே காணும்."

"அப்ப உமக்கு இதெல்லாம் முதலே தெரியும்."

"ஓம். காப்போவும் சொல்லித் தந்தவன். நானும் படிச்சனான்."

"தெரிஞ்சுகொண்டு போனீர்."

அவன் குனிந்து மாவைக் கூட்டத் தொடங்கினான். அவள் அவன் கையிலிருந்து துணியைப் பறித்தாள். "மா கிடக்கட்டும். கதையும்."

கதைத்தான். முதல்நாள் பனி கொட்டியிருந்தது. இரவெல்லாம் காற்று. காலையில் ஒரு ஓடைச்சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருந்தது. அதில் ஏற்கெனவே யாரோ நடந்துபோன தடம் இருந்தது. தடம் இருக்கிறதே, அப்படியானால் நல்ல இடம்தான் என்று எல்லோரும் அதில் கால் வைத்தார்கள். ஒவ்வொருவராய் இடைவெளி விட்டுப் போக வேண்டிய இடத்தில், கதைத்துச் சிரித்துக்கொண்டு கும்பலாய்ப் போனார்கள்.

"நடுவிலை போகேக்கை காலுக்குக் கீழை ஒரு சத்தம். வ்வூம் எண்டு. கப்பலுக்குள்ளை லொறி ஏற இரும்புத்தட்டு ஒருக்கா அமந்து இறங்குமே, அப்பிடி. பனியிலை ஒரு வெடிப்பு ஓடினது. எனக்கு விளங்கிச்சுது, துசா. திரும்பவேணுமெண்டு அந்த நிமிசமே விளங்கிச்சுது."

"சொன்னீரோ?"

"இல்லை."

"ஏன்? வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ?"

தர்சன் தன் கால்விரல்களுக்கிடையில் கிடந்த மாவைப் பார்த்தான். "காப்போ முன்னாலை போறான். திரும்பிப் பாத்து, எல்லாம் சரிதானேயெண்டு கேட்டவன். நான் 'ஸீ' எண்டன்."

அந்த 'ஸீ'யைத் துசானிக்குத் தெரியும். ஓம் என்பதற்கு இந்த நாட்டில் அவர்கள் வாயில் முதலில் ஏறிய சொல் அது. கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வதிவிட அனுமதிப் பெர்மெஸ்ஸோவுக்காக வரிசையில் நின்றபோது, விளங்கியதற்கும் விளங்காததற்கும் அவர்கள் அதைத்தான் சொன்னார்கள். அவள் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா, இன்றைக்குக் கொஞ்சம் பிந்திப் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் இவள் வாய் கால் வலியைக் கேட்காமலே சொல்லுவதும் அதைத்தான். சோறு போட்ட சொல். அது இவனை மண்ணுக்குள்கூட அல்ல, வெறும் பனிக்குள் புதைக்கப் பார்த்திருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. அதில் எந்தப் பாதி அவன்மேல், எந்தப் பாதி தன்மேல் என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை.

"புதைஞ்ச ஆளைத் தேடுற கருவி நெஞ்சிலை கட்டுவினமாம் எண்டு ஒருநாள் சொன்னீரே. அது ஆரிட்டை இருந்தது?"

"காப்போவிட்டை."

"உம்மிட்டை?"

"அடுத்தமுறை ஒண்டு தாறனெண்டவன்."

"அடுத்தமுறை!" அவள் போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

அறைக் கதவு கொஞ்சமாய்த் திறந்தது. கேசிகாவின் மூக்கு மட்டும் தெரிந்தது. "அம்மா, தொமேனிக்கா நேவே பாக்கப் போறம்தானே? பனியிலை விளையாடப் போறமெண்டு நான் ஸ்கூலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

அதுதான் நடுவில் நின்ற கேள்வி. அடுத்த ஞாயிறு, அதே காப்போ, அதே மலை, கூடவே இவளின் பிள்ளை. இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் பிள்ளையை வீட்டில் இருத்திவிட்டால், இந்த மனிதன் அதற்கடுத்த ஞாயிறு தனியாகப் போவான். அங்கேயும் 'ஸீ' சொல்லுவான்.

"போவம்," என்றாள் துசானி. "நானும் வாறன்."

தர்சன் நிமிர்ந்தான். "துசா, அது பிள்ளையள் விளையாடுற சமதரை. றோட்டுக்குப் பக்கத்திலை. அங்கை பயமில்லை—"

"பயம் இருக்கோ இல்லையோ எண்டு மலை சொல்லட்டும். உமக்கு நான் ஒண்டு சொல்லுறன். இல்லையெண்டு சொல்லத் தெரியாத வாயோடை என்ரை பிள்ளையின்ரை கையை ஒருத்தரும் பிடிக்கேலாது. அங்கை சொல்லவேண்டிய இடத்திலை நீர் சொல்லேல்லையோ, நானும் கேசிகாவும் அப்பிடியே திரும்பிப் போயிடுவம். பேந்து நீர் உம்மடை காப்போவோடையே குடும்பம் நடத்தும்."

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் 'நீர்' ஆட்சிதான். சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சூடாக வந்தது, வாய்ப்பேச்சு மட்டும் வரவில்லை. வந்தாலும் "உப்புக் காணுமோ பாரும்," "குப்பையைக் கொண்டுபோம்," என்ற அளவில் நின்றது. நடுவில் ஒருநாள் மலையில் மறுபடியும் பனி விழுந்தது என்று கேசிகா துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

ஞாயிறு வெயில் எறித்தது. மதோனியேயின் சமதரையில் பாதி பலேர்மோ வந்து நின்றது போலிருந்தது. பிள்ளைகள் பிளாஸ்டிக் தட்டுகளில் வழுக்கிக்கொண்டும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டும் கத்தினார்கள். கேசிகா பனியை அள்ளித் தின்று பார்த்தாள். எமிலியானா அக்கா குதிக்காலில் கட்டோடு, ஸ்ரீபனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துசானிக்கு அந்த வெள்ளை அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் காப்போ நீனோ கையைத் தட்டினான். நெடிய ஆள், சிரித்த முகம், கெட்டவன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. "இந்தச் சமதரையில் என்ன சுகம்? மரங்களுக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. ஒருவரும் கால் வைக்காத பனி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்!"

எல்லோரும் எழுந்தார்கள். கேசிகா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். மரங்களின் ஓரத்துக்கு வந்ததும் சரிவு தெரிந்தது. வீட்டு மாடிப்படியைவிட நிமிர்ந்து நின்றது. அதன் உச்சியில் காற்று கொண்டுவந்து போட்ட பனி, கூரைத் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துசானியின் கண்ணுக்குள் தட்டத்தில் வெடித்த மாக் கோடு ஓடியது. வாய் வரைக்கும் சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். இதை அவள் சொல்லக்கூடாது.

தர்சன் நின்றுவிட்டான்.

நீனோ திரும்பிப் பார்த்தான். "என்ன தர்சன், எல்லாம் சரிதானே?"

அதே கேள்வி. நாளைக்கு விடிந்தால் கப்பலுக்குள் தர்சனுக்கு எந்த வேலை என்று தீர்மானிக்கிற ஆள் நீனோ. சுற்றிலும் அவன் ஆட்கள்.

"நோ," என்றான் தர்சன்.

முதல் தடவை அது மெல்லத்தான் வந்தது. அவன் இருமிவிட்டுத் திரும்பச் சொன்னான். "நோ, காப்போ. சரியில்லை. மேலே காற்று அடுக்கிய பனி இருக்கிறது. வெயிலும் ஏறிவிட்டது. என் மகள் அங்கே வரமாட்டாள். நானும் வரவில்லை. நீங்களும் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டாம்."

யாரோ சிரித்தார்கள். நீனோவும் சிரித்தான். "பயந்துவிட்டாயா?"

"ஸீ," என்றான் தர்சன். "பயந்துவிட்டேன்."

துசானி அந்தச் சொல்லை இத்தனை வருடம் கேட்டிருக்கிறாள். நிமிர்ந்த கழுத்தோடு அது வந்து கேட்டது அன்றைக்குத்தான்.

ஸ்ரீபன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நெளிந்தான். எமிலியானா அக்கா அவன் ஜாக்கெட்டைப் பின்னால் பிடித்தாள். "நீங்களும் இருங்கோ. திருப்பி நேர்த்தி வைக்க என்ரை குதிக்காலிலை வெடிக்க இடமில்லை." இன்னும் இரண்டு குடும்பங்கள் தயங்கி நின்று, சமதரைக்கே திரும்பின. நீனோ தன் மகன்களோடும் வேறு சிலரோடும் போனான்.

சரிவு அன்றைக்கு அசையவில்லை. ஒரு பிடி பனிகூட உருளவில்லை. போனவர்கள் கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். "பார்த்தாயா? ஒன்றுமே நடக்கவில்லை!" என்று நீனோ தர்சனின் முதுகில் தட்டினான். தர்சனுக்குக் காதுமடல் வரை சிவந்துபோனது. கேசிகா, "அப்பா, நாங்கள் மட்டும்தான் போகேல்லை," என்று மூக்கை உறிஞ்சினாள்.

துசானிக்கு இவ்வளவு நேரம் புருசன்மேல் கொதித்தது அப்படியே திசை மாறியது. பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பைக் கோப்பி ஊற்றினாள். சீனியைப் போட்டாள், கலக்கவில்லை. நீனோவின் கையில் கொடுத்து, தன் நல்ல இத்தாலியனில் சொன்னாள்: "கவனம் காப்போ. மேலே பார்த்தால் தெரியாது. சீனி அடியில்தான் கிடக்கிறது. ஒன்றும் நடக்காத நாளிலும் கிடக்கும்."

நீனோ ஒன்றும் விளங்காமல் நன்றி சொல்லிக் குடித்தான். தர்சனுக்குப் புரைக்கேறியது. அவன் மறுபக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

"சிரிக்காதையும்," என்றாள் துசானி. "எனக்கு இன்னும் கோவம் போகேல்லை."

"தெரியும்."

"கெதியிலை போகவும் மாட்டுது."

"தெரியும் துசா."

வெயில் சாய, காருக்குத் திரும்பும் வழி இறுகிக் கண்ணாடியாகிவிட்டது. கேசிகா முன்னால் ஓடினாள். பனித்தட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தர்சன் ஒரு வளைவில் காலை வைத்தான், கால் ஒரு பக்கம் போனது, தட்டு ஒரு பக்கம் போனது, அவன் தொபுக்கென்று இருந்தபடி துசானியின் காலடிக்கு வந்து சேர்ந்தான்.

"என்ன நடந்தது?" என்றாள் அவள், இடுப்பில் கைவைத்து.

அவன் அண்ணாந்து பார்த்தான். சொல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"பனி... யிலை... சறுக்கிப்போட்டுது."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

"எழும்புங்கோ," என்றாள்.